லைப்ரரி ஃபைலை எங்கே வைப்பது? லேப்புக்கு உதவ வரும் தம்பிமாருக்கு

லீவில் வந்து பாடசாலைக் கணினிகளுக்கு லினக்ஸ் போட்டுத் தரும் பழைய மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெற்றாரும் வாசியுங்கள், விளங்காத விடயம் ஒன்றுமில்லை.

லைப்ரரி என்றதும் வாசிகசாலையை நினைக்க வேண்டாம். பல மென்பொருள்கள் பொதுவாகப் பாவிக்கும் ஃபைல்களுக்குத்தான் அந்தப் பெயர். பள்ளிவாசலில் கல்யாண வீட்டுக்கு இரவல் தரும் சஹனும் கிடாரமும் மாதிரி. ஒரு செட் ஊருக்கே போதும். திருத்துவதும் லேசு. 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை வெளியானபோது, அந்த ஒன்றைப் புதுப்பித்து மென்பொருள்களை மறுபடி தொடக்கியதும் அதைப் பகிர்ந்து பாவித்தவை எல்லாம் திருந்தின. தனிப் பிரதி வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருந்தது.

சிலர் என்ன செய்கிறார்கள் என்றால், இணையத்தில் எடுத்த ஃபைலை நேரே யூஎஸ்ஆர்/லிப் ஃபோல்டருக்குள் கொப்பி பண்ணிவிடுகிறார்கள். அந்த நேரம் மென்பொருள் திறக்கும், எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் அந்த இடம் உபுண்டு, டெபியன் போன்றவற்றின் பெக்கேஜ் மனேஜருக்கு உரியது. எந்த ஃபைல், எந்தப் பதிப்பு என்று கணக்கு வைத்திருப்பது அதுதான். நாம் சொல்லாமல் மாற்றியது அதற்குத் தெரியாது. அடுத்த அப்டேட்டில் நமது ஃபைலின் மேல் தன்னுடையதை எழுதிவிடும். அதற்கு முன்பே வேறு நாலு மென்பொருள்கள் பதிப்புப் பொருந்தாமல் நின்றுவிடவும் கூடும். கைபட்டது சீ லைப்ரரி என்றால், ஃபைல் கொப்பி பண்ணும் கட்டளைகூட ஓடாது. அதற்குள் தம்பி கொழும்புக்குப் போயிருப்பார். செய்முறைப் பாடத்துக்கு வந்த பிள்ளை, மற்றப் பிள்ளையின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

விண்டோஸ்காரர் சிரிக்க வேண்டாம். 98 காலத்தில் ஆளாளுக்குத் தங்கள் டீஎல்எல் ஃபைலைச் சிஸ்டம் ஃபோல்டரில் கொட்டிப் பட்ட பாடு கொஞ்சமல்ல. விண்டோஸ் 2000இல் அந்த ஃபைல்களுக்குக் காவலே போட வேண்டி வந்தது.

என் அபிப்பிராயம் இதுதான். முதலில் பெக்கேஜ் மனேஜரில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிப்பு சற்றுப் பழையதானாலும் பாடத்துக்குப் போதும். இல்லாவிட்டால் யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப். லினக்ஸின் ஃபோல்டர் ஒழுங்கை வகுத்த எஃப்எச்எஸ் நியமம், அந்த இடத்தை உள்ளூரில் கணினியைப் பராமரிப்பவருக்கென்றே விட்டிருக்கிறது. அப்டேட் அதில் கைவைக்கக் கூடாது. வைத்த பிறகு எல்டிகொன்ஃபிக் கட்டளையை ஓட்டுங்கள், இல்லாவிட்டால் ஃபைல் இருந்தும் இல்லை என்றே சொல்லும்.

அங்கேயும் கண்டதையெல்லாம் போட முடியாது. உபுண்டு அந்த இடத்தைத்தான் முதலில் பார்க்கும். சிஸ்டத்தில் ஏற்கனவே உள்ள லைப்ரரியின் இன்னொரு பிரதியை அங்கே வைத்தால், பின்னர் சிஸ்டம் பிரதி திருத்தப்பட்டாலும் மென்பொருள்கள் உங்கள் பழையதையே எடுக்கும். அப்படிப்பட்டதை ஒப்ட் ஃபோல்டரில், அந்த மென்பொருளோடு சேர்த்துத் தனியாக வையுங்கள்.

எதை எங்கே வைத்தீர்கள் என்று லேப் கொப்பியில் திகதியோடு ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். எனக்கு இடமாற்றம் வந்தாலும் அடுத்து வருபவருக்கு உதவும். இந்த லீவில் வரக்கூடியவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள், சாவி எடுத்து வைக்கிறேன்.