பல வாய்கள், ஒரே சாட்சி



“எல்லாச் சேனல்களிலும் சொல்லிவிட்டார்களே, ஐயா, பொய்யாகவா இருக்கும்?” கொலைச் செய்தி வரும்போதெல்லாம் நம்மிடையே எழுகிற வாதம் இது. ஒரே சாட்சியை நம்பி ஒருவனையும் குற்றவாளியாக்கலாகாது, இரண்டு மூன்று பேராவது வேண்டும் என்கிற உபாகமத்தின் பிரமாணத்தையும் (19:15) சிலர் இதற்குத் துணையாக்கிக்கொள்கிறார்கள். இந்த வாதம் தவறானது.

நாபோத்தை நினைத்துப் பாருங்கள் (1 இராஜாக்கள் 21). அவனுக்கு விரோதமாக இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ஆனால் அந்த இரண்டு வாய்களையும் ஏவிவிட்டவள் யேசபேல் ஒருத்தியே. நாபோத் கல்லெறியுண்டு மாண்டான்.

2008 மே 16 அன்று, டெல்லியை அடுத்த நொய்டாவில், 13 வயதுச் சிறுமி ஒருத்தி தன் அறையில் கொலையுண்டு கிடந்தாள். அவ்வீட்டில் வேலைசெய்துவந்த, நேபாளத்திலிருந்து பிழைக்க வந்த மனிதரைக் காணவில்லை. போலீஸார் அவரைச் சந்தேகித்தார்கள். ஊடகங்களும் அவரையே சுட்டிக்காட்டின. மறுநாள் அவருடைய உடல் அதே வீட்டின் மொட்டைமாடியில் கண்டெடுக்கப்பட்டது. கொலையுண்டு கிடந்த ஏழையைத்தான் கொலைகாரன் என்று ஊரே தூற்றிக்கொண்டிருந்தது.

இதற்குப் பின்னும் ஊடகங்கள் பாடம் கற்கவில்லை. ஒரு வாரத்துக்குள் சிறுமியின் தந்தை கைதானார். செய்தியாளர் கூட்டத்தில் போலீஸ் அதிகாரி அவரைக் குறித்தும், இறந்துபோன அந்தப் பிள்ளையைக் குறித்தும் இழிவாகச் சொன்னவை அன்றே நாடெங்கும் பரவின. சில தொலைக்காட்சிகள் கொலையை நாடகமாகவே நடித்துக் காட்டின. தொனி வேறுபட்டது, ஊற்று ஒன்றே.

செய்தியாளர் அவிருக் சென் வேறு வழியில் நடந்தார். மும்பை மிரர் நாளிதழுக்காக நீதிமன்றத்தில் அமர்ந்து, சாட்சியங்களைக் கேட்டு எழுதினார். 2015-இல் அதை நூலாகவும் வெளியிட்டார். 2013-இல் ஆயுள் தண்டனை பெற்ற பெற்றோரை, 2017 அக்டோபர் 12 அன்று அலகாபாத் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. தொலைக்காட்சி அரங்குகளோ ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே தீர்ப்பெழுதி முடித்திருந்தன.

ஆகவே, ஒரே குற்றச் செய்தியை நான்கு இடங்களில் வாசிப்பதால் மட்டும் உண்மை வெளிப்படாது. ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் சோதியுங்கள். இதைச் சொன்னவர் யார்? குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பு கேட்கப்பட்டதா? “கொலையாளி” என்று எழுதியிருக்கிறதா, “குற்றம் சாட்டப்பட்டவர்” என்று எழுதியிருக்கிறதா? ஒருவனுடைய சொல்லைக் கேட்குமுன் அவனை நியாயந்தீர்க்கலாமா என்று நிக்கொதேமு ஆலோசனைச் சங்கத்தாரிடம் கேட்டானே (யோவான் 7:51), அதே கேள்விதான் இது.

“ஊடகத்தார் செய்த பாவம் அவர்களைச் சேரும்” என்று நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. சாட்சி சொன்னவனே முதற்கல்லை எறிய வேண்டும் என்று மோசேயின் பிரமாணம் கட்டளையிட்டது (உபாகமம் 17:7). தன் சொல்லின் பாரத்தை அவன் தன் கையிலேயே உணர வேண்டியிருந்தது. நாமோ கண்ணால் காணாததை வாட்ஸ்அப்பில் நூறு பேருக்கு அனுப்புகிறோம். கல்லின் பாரம் நமக்குத் தெரிவதில்லை. அயலானுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிற கற்பனை கைப்பேசிக்கும் உரியதே.

இந்த வாரம் ஒருவருடைய பெயரைக் கெடுக்கும் செய்தி உங்கள் கைக்கு வருமானால், அது உங்களோடு நிற்கட்டும். நாவைக் காக்கிற கர்த்தர் நம் விரல்களையும் காப்பாராக. ஆமென்.