பால்மரத்தின் கோடு எந்தப் பக்கம் சாயும்?



இணையத்தில் படம் விற்றுப் பொருளீட்ட முடியுமா என்று என் முன்னாள் மாணவர்கள் சிலர் அவ்வப்போது கேட்பதுண்டு. தோட்டத்தில் பிறந்து, இன்று நீலாய், சிரம்பான் வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் இவர்கள். வார இறுதியில் கேமராவும் கையுமாகப் புறப்பட்டுவிடுகிறார்கள். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால், அவர்கள் காட்டும் படங்களைப் பார்த்தால் போர்ட்டிக்சன் கடலில் சூரியன் மறைகிறது. கோலாலம்பூர்க் கோபுரங்கள் மின்னுகின்றன. மேசைமீது ஒரு காப்பிக் குவளை இருக்கிறது. இவற்றை விற்க முடியாது என்பதே என் கருத்து. படங்கள் மோசம் என்பதனால் அன்று. இவற்றை எவரும் எடுக்கலாம், எடுத்தும் விட்டார்கள் என்பதனால்.

'ஸ்டாக்' படங்கள் என்பவற்றைத் தமிழில் கையிருப்புப் படங்கள் எனலாம். யாரும் கேட்காமலேயே எடுத்து வைத்து, பின்னர் விளம்பர நிறுவனமோ பாடநூல் பதிப்பகமோ தேடி வரும்போது உரிமம் கொடுத்து விற்பது. 2000ஆம் ஆண்டில் கனடாவில் ஐஸ்டாக்போட்டோ தோன்றிய பிறகுதான் இத்தொழிலின் கதவு எளிய மக்களுக்குத் திறந்தது. 2003இல் நியூயார்க்கில் ஷட்டர்ஸ்டாக் வந்தது. அதன் நிறுவனர் ஜான் ஓரிங்கர் தாமே எடுத்த ஏறக்குறைய 30,000 படங்களை வைத்துக் கடையைத் திறந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. 2006இல் ஐஸ்டாக்போட்டோவை கெட்டி நிறுவனம் 5 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அந்த நாள்களில் ஷட்டர்ஸ்டாக்கில் சேர விரும்புபவர் 10 படங்களை அனுப்ப வேண்டும். அவற்றுள் 7 தேறினால்தான் அனுமதி. நம் யூ.பி.எஸ்.ஆர். தேர்வைவிடக் கடினம் என்று புலம்பியவர்கள் உண்டு!

இன்றோ நுழைவது எளிது, ஈட்டுவது கடினம். 2020 ஜூன் மாதத்தில் ஷட்டர்ஸ்டாக் தன் ஊதிய முறையை மாற்றியது. விற்பனைக்கேற்ப 15 முதல் 40 விழுக்காடு. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் நாள் எல்லாரும் மீண்டும் கீழ்ப்படிக்கே இறக்கப்படுவர். ஒரு படத்துக்கு 10 அமெரிக்கக் காசு மட்டுமே கிடைக்கும் விற்பனையும் உண்டு. நமக்கும் அமெரிக்காவுக்கும் இடையே வருமான வரி உடன்பாடு இல்லாததால், அமெரிக்காவில் விற்கும் படங்களின் வருவாயில் 30 விழுக்காடு பிடித்தம் வேறு. எனவே, வேலையை விட்டுவிட்டு இதில் இறங்குகிறேன் என்று எவரேனும் சொன்னால் நான் வாழ்த்த மாட்டேன்.

2022க்குப் பிறகு இன்னொரு வெள்ளம் வந்திருக்கிறது. நான்கு சொற்களைத் தட்டினால் இயந்திரமே படம் வரைந்து கொடுக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பரில் கெட்டி அத்தகைய படங்களுக்குத் தடை விதித்தது. டிசம்பரில் அடோபி ஸ்டாக் அடையாளமிட்டால் ஏற்போம் என்றது. சூரியன் மறையும் காட்சியையும் காப்பிக் குவளையையும் இயந்திரம் நம்மைவிட அழகாகவே செய்யும். அங்கே போட்டியிட்டுப் பயனில்லை.

அப்படியானால் நமக்கு என்னதான் மிஞ்சியிருக்கிறது?

பால்மரம் சீவிய குடும்பத்துப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி. மரத்தின் முன் நேராக நின்று பார்த்தால் வெட்டுக்கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்? இடப்புறம் மேலே, வலப்புறம் கீழே. ஏறக்குறைய 30 பாகைச் சாய்வு. பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் செங்குத்தாகச் செல்லாமல் சற்று வலப்புறம் சாய்ந்து மேலேறுகின்றன. கோட்டை இடமிருந்து வலமாக இறக்கினால்தான் கூடுதலான குழாய்கள் அறுபடும், பால் கூடும். நம் தாய்மார்களுக்கு இதைத் தாவரவியல் நூல் சொல்லித்தரவில்லை, கை அறிந்திருந்தது.

படத் திருத்தத்தில் மிகச் சிறிய வேலை, படத்தை இடவலமாகத் திருப்புவது. எழுத்துகளை வைப்பதற்கு வலப்புறம் வெற்றிடம் வேண்டுமா? ஒரு சொடுக்கு, முடிந்தது. காப்பிக் குவளைக்கு ஒன்றும் ஆகாது. பால்மரத்தைத் திருப்பினாலோ கோடு தலைகீழாகிவிடும்! அப்படிச் சீவும் மரத்தைத் தோட்டத்து மக்கள் எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். கணினியில் வரைந்த பால்மரப் படம் கண்ணில் பட்டால் முதலில் கோட்டைப் பாருங்கள். அடுத்து மங்கு எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இந்தக் கண்தான் நம் பிள்ளைகளிடம் இருக்கும் மூலதனம். வேளாண் நூல் பதிப்பிப்பவருக்கும் அருங்காட்சியகத்துக்கும் தேவைப்படுவது சரியான கோடு உள்ள படம்.

இதனால் திருத்தக் கலையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். அதை முறையாகக் கற்க வேண்டும் என்பதே என் வாதம். போட்டோஷாப்புக்குச் சந்தா கட்ட முடியாதவர்களுக்கு கிம்ப் இலவசமாகவே கிடைக்கிறது. 1990களிலிருந்து வளர்ந்து வரும் மென்பொருள் அது. தோட்டத்துக்குள் படம் எடுப்பவர் இரண்டு இடர்களைச் சந்திப்பார். முதலாவது, பச்சை நிறம். இலைகளின் ஊடே வடிந்து வரும் ஒளி மனிதத் தோலின்மீது பச்சையைப் பூசிவிடும். கேமராவின் தானியங்கி அமைப்பு அதை முழுமையாக நீக்காது. 'ரா' கோப்பாக எடுத்திருந்தால், நிறச் சமன்பாட்டைச் சற்றே கருஞ்சிவப்புப் பக்கம் நகர்த்த முகம் தன் இயல்பான மாநிறத்துக்குத் திரும்பும். பலர் இங்கே முகத்தை வெளுக்கச் செய்துவிடுகிறார்கள். அது திருத்தமன்று, அவமதிப்பு. மங்கிலுள்ள பாலையும் அப்படித்தான் சுண்ணாம்பாக்குகிறார்கள். பாலின் வெண்மையில் சிறிது மஞ்சள் கலந்திருக்கும்.

இரண்டாவது, இருட்டு. விடியற்காலையில் மரத்தின் உள்ளழுத்தம் மிகுதி, பால் நன்றாக ஒழுகும் என்பதால் சீவுவோர் தலைவிளக்கோடு இருட்டிலேயே நிரையில் இறங்கிவிடுவர். விளக்கு விழும் பட்டைக்கு ஒளியைச் சரிசெய்தால் காடு கருமையாகும். காட்டுக்குச் சரிசெய்தால் பட்டை வெளுத்துப்போகும். முக்காலியில் கேமராவை நிறுத்தி, இரண்டு ஒளியளவில் இரண்டு படங்கள் எடுத்து, அடுக்குகளாக வைத்து, மறைப்பு அடுக்கினால் இரண்டையும் இணைப்பதே வழி. கண் பார்த்ததைக் கேமரா பார்க்கத் தவறியபோது ஈடுசெய்யும் வேலை இது. படைப்புத் திருத்தம் என்று நான் மதிப்பது இதைத்தான். 2020இல் போட்டோஷாப்பில் சேர்க்கப்பட்ட வசதியைக் கொண்டு சிரம்பான் தோட்டத்தின்மேல் ஐரோப்பிய வானத்தை ஒட்டுவதை நான் அவ்வாறு மதிக்கவில்லை.

விற்பனை நிறுவனங்களே இதில் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கின்றன. விளம்பரத்துக்குரிய வணிக உரிமம் ஒன்று. செய்திக்கும் கல்விக்கும் உரிய 'எடிட்டோரியல்' உரிமம் மற்றொன்று. முன்னதில் திருத்தலாம், ஆனால் அடையாளம் தெரியும் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வேண்டும். பின்னதில் படிவம் தேவையில்லை. ஆனால் பொருளை நீக்கவோ சேர்க்கவோ கூடாது. ஊர், நாடு, நாள் ஆகியவற்றைக் குறித்து விளக்கம் எழுத வேண்டும். தோட்டப் படங்களை இரண்டாம் வகையில் கொடுப்பதே முறை என்பேன்.

விளக்கம் எழுதுவது பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. 1907இல் கிளைன்குரோத்தே என்னும் ஜெர்மானிய நிழற்படக்காரர் மலாயா தீபகற்பத்தைப் பற்றிப் பெரிய படத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். மறு ஆண்டு, பிரிட்டிஷ் மலாயாவைப் பற்றி ரைட், கார்ட்ரைட் ஆகியோர் பதிப்பித்த தடித்த நூலிலும் தோட்டப் படங்கள் நிறைய இடம்பெற்றன. அக்காலத்து இத்தகைய படங்களில் தோட்டத்துக்குப் பெயர் உண்டு, துரைக்குப் பெயர் உண்டு. மரத்தடியில் நிற்கும் நம் முன்னோருக்கு 'கூலி' என்பதே பெயர். நூறாண்டுகளுக்கு மேலான பின்னும், படத்தோடு நாம் இணைக்கும் குறிச்சொற்களில் 'ஏழை', 'இந்தியத் தொழிலாளி' என்று மட்டும் எழுதினால் என்ன மாறியிருக்கிறது? ஷட்டர்ஸ்டாக் 50 குறிச்சொற்கள் வரை அனுமதிக்கிறது. லிங்கி என்றோ ரந்தாவ் என்றோ இடத்தை எழுதலாம். பால்வெட்டுத் தொழிலாளி என்று தொழிலை எழுதலாம். தமிழர் என்று எழுதலாம். அவர் விரும்பினால் விளக்கத்தில் பெயரையும் எழுதலாம்.

படிவம் தேவையில்லை என்று விதி சொன்னாலும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். "அக்கா, இந்தப் படம் இணையத்தில் விலைக்குப் போகும், சரியா?" என்று நேராகவே கேளுங்கள். பிள்ளைகளாக இருந்தால் பெற்றோரைக் கேளுங்கள். தோட்டம் தனியார் நிலம், ஆகவே நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். படம் விற்றால் அந்த அக்காவுக்கும் பங்கு கொடுக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. பத்துக் காசில் என்ன பங்கு என்று சிரிக்கிறார்கள். பணமாகக் கொடுக்க முடியாவிட்டால் ஒரு படத்தை அச்சிட்டுச் சட்டமிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். தங்கள் வேலையைத் தாங்களே பார்க்கும் ஒரு நல்ல படம்கூட இல்லாத வீடுகள் நம் தோட்டங்களில் நிறையவே உள்ளன.

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. 1998இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறக்கப்பட்ட பிறகு, நீலாய், லாபு பக்கம் பால்மரமும் செம்பனையும் நின்ற நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. செண்டாயானிலும் அதே கதை. மிஞ்சிய தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனை. பால்மரம் இன்னும் நிற்கும் இடங்களில், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலையுதிரும். பச்சை செம்மையாகி, ஒரு சில நாள்களுக்கு நிரை முழுவதும் ஆரஞ்சு நிறம் கொள்ளும். நிறத்தைக் கூட்ட எந்த மென்பொருளும் தேவைப்படாத நாள்கள் அவை. பகாவ், கோலப்பிலா பக்கம் உறவினர் இருப்பவர்கள், நிரை எப்போது சிவக்கிறது என்று இப்போதே சொல்லி வையுங்கள். மின்கலத்தை நிரப்பிக்கொண்டு, அச்சிட்ட ஒப்புதல் படிவங்கள் பத்தைப் பையில் போட்டுக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன்பே போய்ச் சேருங்கள்.