தயவா? பாத்தியதையா?

கிறிஸ்தவக் காலேஜுகளில் ஏழை மாணவர்களுக்குச் செய்யப்படும் உதவிகளைப் பற்றி நமது நாட்டில் இரண்டு கூட்டத்தார் பேசி வருகிறார்கள். ஒரு கூட்டத்தார், "அது மதம் மாற்றுவதற்குப் போடும் தூண்டிற்புழு" என்கிறார்கள். மற்றொரு கூட்டத்தார், "அது கர்த்தருடைய கிருபையால் நடக்கும் தர்மம்" என்கிறார்கள். நாம் இவ்விரண்டையும் மறுக்கிறோம். புழு என்பவர்கள் பசித்த பிள்ளைக்குத் தாங்கள் ஒரு பிடி சோறும் போடாதவர்கள். கிருபை என்பவர்களோ, அந்தச் சோற்றுக்கு அரிசி யார் வீட்டிலிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விடுகிறவர்கள்.

சேலம் ஜில்லா சேர்வராயன் மலையில், ஏற்காட்டுப் பக்கம் செம்மநத்தம் என்றொரு கிராமம் இருக்கிறது. அம்மலையின் பழங்குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை அங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அது முதல் தோட்டம் ஒருவனுக்கு, லாபம் ஒருவனுக்கு, மூட்டை மட்டும் மலையாளியின் முதுகுக்கு என்றாயிற்று. அதே மலையில் 1917ல் மான்ட்போர்ட் பள்ளிக்கூடம் தோன்றிற்று. அது போன்ற பாதிரிமார், கன்னிமார் விடுதிப் பள்ளிகள் இந்தியா முழுவதும் பேர் பெற்றவை. ஆனால் அங்கே அடிக்கும் மணி, பெரிய சம்பளம் கட்டக்கூடியவன் பிள்ளையைத்தான் கூப்பிடுகிறதே ஒழிய, பக்கத்துக் குடிசைப் பிள்ளையைக் கூப்பிடுகிறதா?

அந்தக் குடிசைப் பிள்ளை எப்படியோ பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிக் காலேஜுக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு என்னென்ன வேண்டும்? தங்க ஹாஸ்டல் வேண்டும். வயிற்றுக்குச் சோறு வேண்டும். உபகாரச் சம்பளத்துக்கு மனுப் பூர்த்தி செய்து கொடுக்க ஆள் வேண்டும். இங்கிலீஷில் பாடம் நடந்தால் விளங்கச் சொல்ல ஓர் உபாத்தியாயர் வேண்டும். மனம் உடைந்தபோது கேட்க ஒரு காது வேண்டும். இவற்றுக்குத்தான் இன்று மாணவர் நலப் பிரிவு என்று பெயர். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அவன் மூட்டை கட்டிக்கொண்டு மலையேறி விடுவான். "அவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று நாமும் சுலபமாகச் சொல்லி விடுவோம்.

நிற்க, கிறிஸ்தவர்கள் செய்த நன்மையை மறைப்பது யோக்கியமாகாது. 1833லேயே பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி கூடாது என்று உத்தரவு போட்டார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வித்தான பள்ளிக்கூடத்தை 1837ல் ஜான் ஆண்டர்சன் பாதிரியார் தொடங்கினார். அடுத்த ஆண்டே அதில் பறையர் பிள்ளைகள் படிப்பது தெரிந்து, "அவர்களை வெளியேற்று" என்று உயர்ஜாதியார் கூச்சல் போட்டார்கள். ஆண்டர்சன் மறுத்தார். பல பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போனார்கள், போகட்டும் என்றிருந்தார். அந்தக் காலத்தில் நம்முடைய மடங்களும் வேத பாடசாலைகளும் அந்தப் பிள்ளைகளுக்கு எந்தக் கதவைத் திறந்தன? இன்று "மதமாற்றம்" என்று அலறுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டாமா? 1606ல் மதுரைக்கு வந்த நொபிலி பாதிரியார் பூணூலும் காவியும் தரித்துப் பார்ப்பனரைப் போல வாழ்ந்து, ஜாதியோடு சமரசம் செய்தார். வடக்கன்குளத்து மாதா கோயிலில் ஜாதிக்கொரு பக்கம் என்று சுவர் வைத்தார்கள். அது இடிபட இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. "எல்லோரும் பிதாவின் பிள்ளைகள்" என்று சொல்லிக்கொண்டே கல்லறையிலும் ஜாதி பார்க்கும் ஊர்கள் உண்டு. அப்படிப்பட்ட மனிதர்களே ஹாஸ்டலையும் நடத்தினால், அங்கே மட்டும் ஜாதி செருப்பைப் போல வாசலிலே நின்றுவிடுமா?

இப்போது பணத்துக்கு வருவோம். பாதிரிமார் பள்ளிகளுக்குச் சர்க்கார் மானியம் என்பது 1854ம் வருஷத்து வுட் துரையின் கல்வி அறிக்கையிலிருந்து வளர்ந்தது. இன்றும் உதவி பெறும் காலேஜ்களில் மானியப் பதவிகளுக்குச் சம்பளம் கொடுப்பது சர்க்கார். சர்க்கார் பணம் என்றால் என்ன? செம்மநத்தத்துக் கூலிக்காரி வாங்கும் சோப்பிலும் தீப்பெட்டியிலும் வசூலான வரிதானே! பழங்குடி மாணவன் பெறும் உபகாரச் சம்பளமும் அப்படித்தான். 1944ல் டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராய் சபையில் இருந்த காலத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு ஏற்பட்ட அத்திட்டம், 1948ல் பழங்குடியினருக்கும் விரிந்தது. ஆகவே அவள் பணத்தை அவள் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, "ஸ்தோத்திரம் சொல்" என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

இந்த வழக்கு நமக்குப் புதிதல்ல. சேரன்மாதேவி குருகுலத்தில் காங்கிரஸ் பணம் 5,000 ரூபாயை வாங்கிக்கொண்டு, பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டார்கள். 1925ல் பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பொதுப் பணத்தில் எப்படி ஐயா தனிப் பந்தி?" வ.வே.சு. அய்யரைக் கேட்ட அந்தக் கேள்வியைப் பாதிரியாரைக் கேட்க நாம் ஏன் கூச வேண்டும்?

சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. சர்க்கார் உதவியோ அங்கீகாரமோ பெற்ற எந்தக் கல்விச் சாலையிலும், சம்மதமில்லாமல் ஒருவனை மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் செய்யக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28வது விதி கூறுகிறது. பிள்ளை சிறுவயதினனானால் பெற்றோர் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதம் மனப்பூர்வமானதா, ஹாஸ்டல் இடம் போய்விடுமே என்ற பயத்தில் வந்ததா என்பதுதான் கேள்வி.

மற்றொரு அநியாயத்தையும் பாருங்கள். பழங்குடிப் பிள்ளை எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், எதையும் கும்பிடாவிட்டாலும், அவன் பழங்குடிதான். ஆனால் 1950ம் வருஷத்து உத்தரவுப்படி, ஆதிதிராவிடன் கிறிஸ்தவனானால் பட்டியலிலிருந்து நீங்கி விடுகிறான். சேரியும் மாறவில்லை, வறுமையும் மாறவில்லை. சாமி மாறியதற்குத் தண்டனை! இதை எதிர்த்துப் பாதிரிமார் கேட்கும் நியாயத்தை நாமும் ஆதரிக்கிறோம். அதே நியாயத்தைத் தங்கள் காலேஜ் வாசலிலும் அவர்கள் காட்ட வேண்டாமா? 2005ல் வந்த சட்டத்திருத்தம் சிறுபான்மையோர் கல்விச் சாலைகளை இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கி வைத்தது. சிறுபான்மையோர் உரிமை பெரும்பான்மையோரின் கொடுமையிலிருந்து தப்பிக்க அவசியமானது. அதைப் பிடுங்க வேண்டும் என்பவர்களோடு நமக்குச் சேர்க்கை இல்லை. ஆனால் செம்மநத்தத்து மலையாளியா அவர்களைக் கொடுமை செய்தான்? அவனிடமிருந்து தப்பிக்க ஒரு விலக்கு எதற்கு?

"எங்கள் சபையார் கொடுத்த காணிக்கையை எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்கலாம். தாராளமாகக் கொடுக்கட்டும். அந்தக் கணக்கு வேறு, பொதுக் கணக்கு வேறு என்று இரண்டு நோட்டுப் போட்டு எழுதட்டும். இன்ன உதவி இன்ன பணத்திலிருந்து, இன்ன தகுதிக்கு என்று தமிழில் அச்சடித்துக் காலேஜ் வாசலிலே ஒட்டட்டும். 2012ம் வருஷத்து 92ம் எண் உத்தரவு, குறிப்பிட்ட வருமானத்துக்கு உட்பட்ட ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தைச் சர்க்கார் ஏற்கும் என்றது. அந்த உத்தரவு மலைமேல் எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்?

தோழர்களே! சேர்வராயன் குகையிலிருக்கும் சாமியும் யாருக்கும் பரீட்சைக் கட்டணம் கட்டியதில்லை. சிலுவையில் தொங்கும் சாமியும் கட்டியதில்லை. கட்டியவர்கள் மனிதர்கள். உங்கள் ஊர்ப் பிள்ளை காலேஜில் சேரும்போது கூட இருவர் போங்கள். பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். ஜெபத்துக்குக் கூப்பிட்டால் சம்மதம் கேட்டார்களா என்று கேளுங்கள். பந்தியில் ஜாதி தெரிந்தால் ஊர் அறியச் சொல்லுங்கள். உதவி செய்பவர்களுக்கு மரியாதையோடு நன்றி சொல்லலாம். ஆனால் குனிந்து நின்று சொல்ல வேண்டியதில்லை. தயவு என்று வாங்கியதை நாளைக்கு நிறுத்திவிடலாம். பாத்தியதை என்று வாங்கியதை நிறுத்த எவனாலும் ஆகாது.