எரிந்த கவுண்டியில் எஞ்சிய பெயர்கள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஜேம்ஸ் ஆற்றின் தென்கரையில் பக்கிங்ஹாம் என்றொரு கவுண்டி இருக்கிறது. காடும் வயலும் ஸ்லேட் கல் வெட்டும் குழிகளும் நிறைந்த நாட்டுப்புறம். அதன் நீதிமன்றக் கட்டடத்துக்கு வரைபடம் தந்தவர் தாமஸ் ஜெஃபர்சன். 1869-இல் அந்தக் கட்டடம் எரிந்துபோனது. 1761-இல் கவுண்டி உருவான நாள் தொட்டு சேர்ந்திருந்த பத்திரப் பதிவேடுகளும் உயில்களும் வழக்குக் கட்டுகளும் பெரும்பாலும் சாம்பலாயின. அந்த மண்ணில் முன்னோரைத் தேடத் தொடங்குகிறவர் முதலில் கேட்பது, "அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை" என்பதைத்தான். பலர் அதோடு தேடலையே கைவிட்டுவிடுகிறார்கள்.

அந்த முடிவு தவறு. ஏன் தவறு என்பது புரிந்தால், அமெரிக்க நாட்டுப்புறக் கவுண்டி எதிலும் ஒரு குடும்பத்தின் வரலாற்றைத் தேடும் வழி புரிந்துவிடும்.

முதலில் கவுண்டி என்றால் என்ன என்று பார்ப்போம். மாநிலத்துக்குக் கீழே உள்ள ஆட்சிப் பிரிவு அது. நாடு முழுவதும் 3,000-க்கும் மேற்பட்டவை உள்ளன. நிலம் கைமாறினால் பத்திரம் பதிவது, திருமண உரிமம் தருவது, உயிலை மெய்ப்பிப்பது, வரி வாங்குவது, வழக்கை விசாரிப்பது என எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். மத்திய அரசு ஒரு குடியானவனின் வீட்டை 10 ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தது. கவுண்டியோ ஆண்டுதோறும் அவன் வாசலுக்கு வந்தது.

கணக்கெடுப்பை மட்டும் நம்பியிருப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. 1790-இல் தொடங்கிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 1840 வரை குடும்பத்தலைவரின் பெயரை மட்டுமே எழுதியது. மனைவியும் மக்களும் வெறும் எண்ணிக்கை. 1850-இல்தான் சுதந்திர மனிதர் ஒவ்வொருவரின் பெயரும் ஏட்டில் ஏறியது. 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்போ 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் சிதைந்தது. எஞ்சியதையும் பின்னர் அரசே அழித்துவிட்டது. 1881-இல் பிறந்து 1899-இல் மணமாகிப்போன ஒரு பெண், பெற்றோர் வீட்டில் இருந்தவளாக எந்தக் கணக்கெடுப்பிலும் தென்பட மாட்டாள். அவளுடைய தாய் தகப்பன் யார் என்று சொல்லக்கூடியது கவுண்டியின் திருமணப் பதிவேடு.

பிறப்புச் சான்றிதழ் இருக்குமே என்று கேட்கலாம். வர்ஜீனியாவில் 1853 முதல் 1896 வரை பிறப்பு இறப்பைப் பதிவு செய்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். மறுபடி தொடங்கியது 1912-இல். மாநிலத்துக்கு மாநிலம் இந்த ஆண்டுகள் மாறும். எந்த ஆண்டில் எந்தப் பதிவு இருந்தது என்று தெரிந்துகொள்ளாமல் தேடுவது வீண் அலைச்சல்.

அடுத்தது எல்லைக் குழப்பம். கவுண்டிகள் வளரவில்லை, பிளந்துகொண்டே போயின. ஹென்ரைக்கோவிலிருந்து 1728-இல் கூச்லாண்ட் பிரிந்தது. அதிலிருந்து 1744-இல் ஆல்பமார்ல், அதிலிருந்து 1761-இல் பக்கிங்ஹாம். 1845-இல் பக்கிங்ஹாமின் ஒரு பகுதி அப்போமாட்டக்ஸ் கவுண்டிக்குப் போனது. ஒரு குடும்பம் வீட்டைவிட்டு ஓர் அடிகூட நகராமல் ஐந்து கவுண்டிகளில் வாழ்ந்திருக்க முடியும். அவர்களுடைய காகிதங்களும் ஐந்து இடங்களில் கிடக்கும். ஆகவே "எந்த ஊர்" என்று கேட்பதோடு "அந்த ஆண்டில் அந்த ஊர் எந்தக் கவுண்டியில் இருந்தது" என்றும் கேட்க வேண்டும். பக்கிங்ஹாம் எரிந்தாலும், 1761-க்கு முந்தைய பதிவுகள் தாய்க் கவுண்டிகளின் ஏடுகளில் இருக்கின்றன.

அந்த ஏடுகளில் என்ன கிடைக்கும்? ஒரு பழைய நிலப் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். எல்லை சொல்லும்போது ஓடையையும் வெள்ளை ஓக் மரத்தையும் அடுத்த நிலத்துக்காரர் பெயரையும் சொல்லும். அந்தக் காலத்தில் நிலத்தில் மனைவிக்கு விதவைப் பங்கு இருந்ததால், விற்கும்போது அவள் தனியே ஒப்புதல் தர வேண்டியிருந்தது. அந்த ஒரு வரியில் அவள் பெயர் வந்துவிடும். தகப்பன் உயில் எழுதாமல் இறந்து, மக்கள் சேர்ந்து நிலத்தை விற்றிருந்தால் இன்னும் நல்லது. மணமாகிப்போன மகள்கள், அவர்களுடைய கணவர்கள், அவர்கள் குடியேறிய தூரத்து மாநிலம் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். எழுதியவர் நோக்கம் சொத்துரிமையை உறுதி செய்வது. வம்சாவளி எழுதுவது அல்ல. ஆனால் வம்சாவளி அதற்குள் இருக்கிறது.

பத்திரங்கள் எரிந்த பின் என்ன செய்வது? வரிப் பட்டியலைத் தேட வேண்டும். 1782 முதல் வர்ஜீனியாவில் நிலத்துக்கும் தனிச்சொத்துக்கும் ஆண்டுதோறும் வரி கணக்கிட்டார்கள். அந்தப் பட்டியலின் ஒரு படி தலைநகர் ரிச்மண்டுக்குப் போனது. பக்கிங்ஹாமின் தீ அதைத் தொடவில்லை. இன்று வர்ஜீனியா நூலகத்தில் அந்தப் பட்டியல்களைப் பார்க்கலாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் அதில் பெயரும் எண்களும் மட்டுமே. ஆண்டு ஆண்டாக அடுக்கிப் பார்த்தால்தான் அது பேசும். ஒரு குடியானவர் பெயருக்கு நேரே, 16 வயதைத் தாண்டிய ஆண்கள் "1" என்று இருக்கிறது. அடுத்த ஆண்டு "2". ஒரு மகன் வரி வயதை எட்டியிருக்கலாம். சில ஆண்டுகளில் அதே குடும்பப்பெயரில் இன்னொருவர் தனியாக வரி கட்டுகிறார். தகப்பனுக்கு நேரே மீண்டும் "1". பின்னொரு ஆண்டில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் "எஸ்டேட்" என்ற சொல். மனிதர் போய்விட்டார், சொத்து பிரிபடக் காத்திருக்கிறது. அதற்கடுத்த ஆண்டு ஒரு பெண்ணின் பெயரில் வரி பதிவாகிறது. பெரும்பாலும் அவள் விதவை. பல பட்டியல்களில் அதிகாரி வந்த தேதியும் உண்டு; ஒரே நாளில் பதிந்தவர்கள் அக்கம்பக்கத்தார் என்று கொள்ளலாம். உயில் எரிந்துபோன ஒருவரின் வாழ்க்கையை இப்படி 20, 30 வரிகளிலிருந்து மீட்டெடுக்க முடியும்.

அந்தப் பட்டியலின் இன்னொரு பத்தியைப் பார்க்கும்போது மனம் கனக்கும். குதிரைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அடிமைகளின் எண்ணிக்கை. வரி கட்டும் பொருளாக மனிதர்கள். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியலிலும் உடைமையாளரின் பெயர்தான் உண்டு. அடிமைப்பட்டவருக்கு வயது, பாலினம், நிறம் மட்டும். விடுதலை பெற்ற மக்கள் அனைவரும் பெயரோடு கணக்கெடுப்பில் ஏறியது 1870-இல். கறுப்பின அமெரிக்கர் பலரின் தேடல் அந்த ஆண்டில் வந்து சுவரில் மோதி நிற்கிறது.

அந்தச் சுவரைத் தாண்டும் வழியும் உள்ளூர்ப் பதிவுகளில்தான் இருக்கிறது. 1866-இல் வர்ஜீனியாவின் பல கவுண்டிகளில், கணவன் மனைவியாக வாழ்ந்துவந்த விடுதலை பெற்றோரின் பெயர், வயது, பிறந்த இடம், கடைசி உடைமையாளர், பிள்ளைகள் ஆகியவற்றைப் பதிவேடாக எழுதினார்கள். உடைமையாளர் பெயர் தெரிந்தால் அவருடைய உயில், சொத்துப் பட்டியல், கடன் வழக்கு ஆகியவற்றில் அடிமைப்பட்டவர்களின் பெயர்களைத் தேடலாம். 1853-க்குப் பிந்தைய பிறப்புப் பதிவேட்டில்கூட, தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உடைமையாளர் பெயரோடு, அடிமைக் குழந்தைகள் பதிவாகியிருக்கிறார்கள். ஆனால் கவனம்: விடுதலை பெற்ற எல்லோரும் கடைசி உடைமையாளரின் குடும்பப்பெயரை வைத்துக்கொள்ளவில்லை. அப்படி வைத்துக்கொண்டார்கள் என்று முன்முடிவோடு தேடினால் வேறொரு குடும்பத்துக்குள் போய்விடுவோம்.

தவறான குடும்பத்துக்குள் போகும் ஆபத்து பெரிய எழுத்தாளர்களுக்கும் உண்டு. அலெக்ஸ் ஹேலி தன் குடும்பத்தின் கதையாக எழுதிய 'ரூட்ஸ்' நூல் 1976-இல் வெளிவந்து லட்சக்கணக்கானோரைத் தங்கள் வேரைத் தேட வைத்தது. அந்தப் பெருமை அதற்கு என்றும் உண்டு. ஆனால் கேரி மில்ஸ், எலிசபெத் ஷோன் மில்ஸ் என்ற ஆய்வாளர்கள் கவுண்டிப் பதிவுகளை எடுத்து ஒப்பிட்டார்கள். 1767-இல் அடிமையாகக் கப்பலில் வந்த தன் முன்னோராக ஹேலி சொன்னவரின் டோபி என்ற பெயர், அந்தக் கப்பல் வருவதற்கு முன்பே அவருடைய உடைமையாளர் குடும்பத்தின் ஆவணங்களில் இருந்தது. குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை தேடலைத் தொடங்கிவைக்கும். அது உண்மையா என்று ஏடுதான் சொல்ல வேண்டும்.

முறை எளிது, பொறுமை மட்டும் வேண்டும். தெரிந்தவரிலிருந்து தொடங்கித் தெரியாதவரை நோக்கி, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். கணினித் திரையில் வரும் பெயர் அட்டவணையோடு நிற்காமல் மூலப் பக்கத்தின் படத்தைப் பாருங்கள். எழுத்து மாறியிருந்தால் தள்ளிவிடாதீர்கள். கிளார்க் காதில் விழுந்ததை எழுதினார். ஒரே பெயரில் இருவர் இருந்தால், மனைவியும் நிலமும் பக்கத்து வீட்டுக்காரரும்தான் அவர்களைப் பிரித்துக் காட்டுவார்கள். எங்கே, எந்த ஏட்டில், எந்தப் பக்கத்தில் கண்டீர்கள் என்பதை அன்றே குறித்து வையுங்கள்.

பக்கிங்ஹாமிலேயே, நீதிமன்றம் எரிந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1875-இல் ஒரு குழந்தை பிறந்தது. தாயும் தகப்பனும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். அந்தக் குழந்தைதான் கார்ட்டர் ஜி. உட்சன், பின்னாளில் கறுப்பின வரலாற்று வாரத்தை 1926-இல் தொடங்கியவர். அதற்கு முந்தைய ஆண்டில் அவர் வெளியிட்ட நூல்களில் ஒன்று வெறும் பெயர்ப் பட்டியல்: 1830 கணக்கெடுப்பிலிருந்து சுதந்திரக் கறுப்பினக் குடும்பத்தலைவர்களின் பெயர்களைக் கவுண்டி கவுண்டியாகப் பிரித்தெடுத்தது. பெயர்களைத் திரட்டித் தருவதும் வரலாற்றுப் பணிதான் என்று அவர் செய்து காட்டினார்.

அதனால் தேடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் முன்னோரின் உயிலையோ சொத்துப் பட்டியலையோ கண்டெடுக்கும்போது, அதில் ஆனி, சாம் என்று வெறும் முதற்பெயரோடு அடிமைகளாக எழுதப்பட்டவர்களையும் விடாமல் படியெடுங்கள். அந்தக் கவுண்டியின் வரலாற்றுச் சங்கத்துக்கோ நூலகத்துக்கோ அதைக் கொடுத்துவிடுங்கள். அந்த மனிதர் உலகில் வாழ்ந்தார் என்பதற்கு எஞ்சியிருக்கும் ஒரே எழுத்து அதுவாக இருக்கலாம். அதைத் தேடி அவருடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள்.