தேனீயை எண்ணியவர் யார்?

சென்ற ரபீயுல் அவ்வல் மாதத்தில் சிற்றூர் ஒன்றில் நடைபெற்ற மீலாது விழாவிற்கு நாம் சென்றிருந்தோம். நாவன்மை மிக்க பேச்சாளர் ஒருவர் ஒலிபெருக்கி முன் நின்று, "தேனீக்குக் குரோமோசோம் எத்தனை? 16! திருமறையில் தேனீயின் பெயர் தாங்கிய அத்தியாயம் எத்தனையாவது? 16!" என்று முழங்கினார். பந்தல் அதிர்ந்தது. தக்பீர் ஒலி அடங்கவே சில நிமிடங்களாயின. மேலைநாட்டார் கோடி கோடியாகக் கொட்டி இன்று கண்டறிவதை நாம் 1400 ஆண்டுகளுக்கு முன்பே பெற்றுவிட்டோம் என்று அவர் தொடர்ந்தார்.

அந்த வேளையில் திரைக்கு அப்பால் பெண்கள் பகுதியிலிருந்து சிறுவன் ஒருவன் ஒரு சீட்டைக் கொணர்ந்து மேடையில் நீட்டினான். பேச்சாளர் விரித்துப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பேச்சு வேறு பக்கம் திரும்பிற்று. விழா முடிந்தபின் விசாரித்தோம். கல்லூரியில் உயிரியல் பயிலும் மாணவி ஒருத்தி எழுதிய சீட்டாம் அது. ஒரே ஒரு வினா: "பகரா இரண்டாவது அத்தியாயம். பசுவுக்குக் குரோமோசோம் எத்தனை?"

விடை சொல்ல எவரும் முன்வரவில்லை. வினாவைக் கேட்டது பிழை என்பது போல் சிலர் முகம் சுளித்ததும் உண்மை. அந்தச் சீட்டுக்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். தேனீக்களில் ஆணுக்குத்தான் 16. கருவுறாத முட்டையிலிருந்து ஆண் தோன்றுவதால் அதற்குத் தாயின் பாதி மட்டுமே கிடைக்கிறது. இராணிக்கும் வேலைக்காரத் தேனீக்கும் 32. வேடிக்கை என்னவெனில், இதே பேச்சாளர்கள் இன்னொரு மேடையில், தேனீயை நோக்கிய இறைக்கட்டளை அரபு இலக்கணப்படி பெண்பாலில் அமைந்திருப்பதை எடுத்துக்காட்டி, தேன் சேகரிப்பது பெண் தேனீயே என்பதற்கு அதைச் சான்றாக்குவார்கள். கட்டளை பெண்ணுக்கு; எண்ணிக்கை மட்டும் ஆணிடமிருந்து! ஒரே துண்டுப் பிரசுரத்தில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் அச்சாகியிருப்பதைக் கண்டிருக்கிறோம். அச்சிட்டவருக்கும் உறுத்தவில்லை, படித்தவருக்கும் உறுத்தவில்லை.

எறும்பின் அத்தியாயம் 27ஆவது. எறும்புக்கு எத்தனை? எந்த எறும்புக்கு என்று கேட்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஓர் எறும்பினம் உண்டு. அதன் ஆணுக்குக் குரோமோசோம் ஒன்றே ஒன்று. பிரேசில் காட்டு எறும்பு ஒன்றின் பெண்ணுக்கோ 120 வரை உண்டு. யானையின் அத்தியாயம் 105. யானைக்கு உள்ளவை 56. சிலந்திகளோ இனத்துக்கு ஓர் எண்ணாகக் கலைந்து கிடக்கின்றன. ஒன்று பொருந்தினால் முழக்கம், மற்றவை பொருந்தாவிட்டால் மௌனம் என்பது அறிவாராய்ச்சி ஆகாது. குறி சொல்பவன் கையாளும் முறை அது. குறி கேட்பதைக் கண்டிக்கும் மார்க்கத்தின் மேடையில் அந்த முறை எப்படி ஏறிற்று?

இதில் பேராபத்து ஒன்றும் இருக்கிறது. விஞ்ஞானத்தின் எண்கள் மாறுவன. மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவு 2000ஆம் ஆண்டு ஜூனில் அறிவிக்கப்பட்டபோது, மனிதனுக்கு எத்தனை ஜீன்கள் என்பது குறித்து அறிஞர்கள் தமக்குள் பந்தயமே கட்டினார்கள். ஒரு இலட்சத்துக்கும் மேல் என்றவர்கள் பலர். இன்று புரதம் ஆக்கும் ஜீன்கள் ஏறத்தாழ 20,000 என்கிறார்கள். தேனீயின் ஜீன்கள் 2006இல் சுமார் 10,000 எனக் கணக்கிடப்பட்டன. 2014இல் திருத்திப் பார்த்தபோது 15,000க்கும் மேலாயின. 2003இல் முடிந்தது என்று அறிவிக்கப்பட்ட மனிதத் தொகுதியிலேயே நூற்றுக்கு எட்டுப் பங்கு படிக்கப்படாமல் கிடந்து, 2022இல்தான் நிரப்பப்பட்டது. விஞ்ஞானிகளுக்கு இதில் வெட்கமில்லை. திருத்திக்கொள்வதே அவர்கள் தொழில். ஆனால் மாறும் எண்ணைக் கொண்டு மாறாத மறைக்கு முட்டுக்கொடுப்பவர், எண் மாறும் நாளில் என்ன செய்வார்? முட்டு சரியும்போது அவரை நம்பிய இளைஞனின் உள்ளத்தில் எது சரியும்? இறைமறைக்கு நம்முடைய முட்டுக்கட்டை தேவைப்பட்டதில்லை.

தேனீயை மெய்யாகவே படித்தவர்கள் கண்டது என்ன? அது 16 என்னும் எண்ணைவிட ஆயிரம் மடங்கு வியப்பானது. நான்கே எழுத்துகளால் ஆன எழுத்து அது. மனிதனில் ஏறத்தாழ 300 கோடி. தேனீயில் சுமார் 24 கோடி. இவ்வளவு நீண்ட ஏட்டை ஒரே மூச்சில் படிக்க இயலாது. துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் படித்து, ஒன்றன் முனை மற்றொன்றின் முனையோடு பொருந்துமிடம் பார்த்துக் கோத்தெடுக்க வேண்டும். இங்கிலாந்தின் பிரெடெரிக் சாங்கர் 1977இல் ஒரு நுண்கிருமித் தின்னியின் ஐயாயிரத்துச் சொச்சம் எழுத்துகளை இவ்வாறு படித்துக் காட்டினார். அங்கே தொடங்கிய வேலை 1995இல் பாக்டீரியா, 1996இல் ஈஸ்ட், 1998இல் உருளைப்புழு, 2000இல் பழ ஈ என வளர்ந்து, 2006இல் தேனீயை எட்டியது.

இராணித் தேனீயும் வேலைக்காரத் தேனீயும் ஒரே தாயின் ஒரே வகை முட்டையிலிருந்து வருபவை. எழுத்தில் தகுதி வேறுபாடு ஏதும் இல்லை. ஒருத்தி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து முட்டையிடுகிறாள். மற்றவள் கோடையில் சில வாரங்கள் உழைத்து மடிகிறாள். குஞ்சுப் பருவத்து உணவு இந்த வேறுபாட்டைச் செய்கிறது என்பது பழைய செய்தி. எப்படிச் செய்கிறது என்பதற்கு ஏடு படிக்கப்பட்ட பின்னரே வழி திறந்தது. எழுத்தை மாற்றாமல் எழுத்தின்மேல் இரசாயனக் குறியிடும் கருவிகள் தேனீயிடம் உள்ளன என்பது 2006இல் தெரிந்தது. மக்தபில் அமர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது: எழுத்து அதுவே, ஜபரும் ஜேரும் மாறினால் ஓசை மாறுகிறதல்லவா, அது போன்றது. 2008இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரத்து ஆய்வாளர்கள், குறியிடும் அந்த ஜீனை இளங்குஞ்சுகளில் அடக்கி வைத்தார்கள். வேலைக்காரிகளாக வேண்டியவற்றுள் பெரும்பாலானவை இராணிகளாக வளர்ந்தன!

இதைப் படித்தபோது நம் உள்ளம் படைத்தவனை நோக்கிச் சென்றது. தக்பீர் சொல்லத் தகுந்த இடம் இதுவே. மேடைப் பேச்சாளருக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள அவர் முயன்றதும் இல்லை. 16 அவருக்குப் போதுமாயிருந்தது.

எறும்பைப் பற்றியும் ஒன்று. 2010இல் முதன்முதல் படிக்கப்பட்ட இரண்டு எறும்பினங்களுள் ஒன்று நம் தென்னிந்தியக் காடுகளில் வாழும் தாவும் எறும்பு. இராணி இறந்தால் அதன் வேலைக்காரிகள் உணர்கொம்புகளால் மோதிப் போட்டியிடுகின்றன. வென்றவை முட்டையிடத் தொடங்குகின்றன. ஏழு மாதம் வாழும் உயிர் நான்காண்டு வரை வாழத் தலைப்படுகிறது. ஆயுள் எதனால் கூடுகிறது என்றறிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இந்த எறும்பை வளர்க்கின்றன. நம் காலடியில் ஊர்ந்ததை அவர்கள் குனிந்து பார்த்தார்கள்.

"நம் முன்னோர் செய்யாததா?" என்று உடனே ஒரு குரல் எழும். பஸராவின் ஜாஹிழ் 9ஆம் நூற்றாண்டிலேயே உயிரினங்களைப் பற்றிப் பெருநூல் எழுதினார். கெய்ரோவின் தமீரி 14ஆம் நூற்றாண்டில் எழுதினார். உண்மை. டார்வின் சொன்னதையெல்லாம் ஜாஹிழ் அன்றே சொல்லிவிட்டார் என்று கைப்பேசிகளில் உலா வரும் செய்திகளில் உண்மையைவிட ஆசையே மிகுதி. அது கிடக்கட்டும். ஜாஹிழ் எப்படி எழுதினார் என்பதையல்லவா நாம் பார்க்க வேண்டும்? வேட்டைக்காரனிடமும் மாலுமியிடமும் கேட்டார். தாமே கூர்ந்து நோக்கினார். அரிஸ்டாட்டில் சொன்னதாயினும் ஐயப்பட்டார். பிறர் கண்டதைப் பார்த்து 'இது நம்மிடம் முன்பே இருந்தது' என்று கூறுவது அவர் வழியன்று. தாத்தாவின் தலைப்பாகையைக் காட்டிச் சோறு கேட்கும் பேரர்களாக நாம் ஆகிவிட்டோம்.

அண்மைக்கால முன்மாதிரி வேண்டுமாயின் வங்காளதேசத்துக்குப் போவோம். மக்ஸூதுல் ஆலம் 1954இல் பிறந்தவர்; 1971 விடுதலைப் போரில் தந்தையை இழந்தவர். மாஸ்கோவிலும் ஜெர்மனியிலும் பயின்று, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2008இல் வெளியான பப்பாளியின் மரபணுத் தொகுதி ஆய்வில் அவர் பங்கு பெரிது. அடுத்து மலேசியாவில் ரப்பர் மரத்தைப் படித்தார். பிறகு தாயகம் அவரை அழைத்தது. சணல் அந்நாட்டின் பொன்னிழை. நெகிழிப் பைகள் வந்தபின் விலை வீழ்ந்து தவித்த பயிர். டாக்கா பல்கலைக்கழகத்தாரும், சணல் ஆராய்ச்சி நிலையத்தாரும், கணிப்பொறி நிறுவனம் ஒன்றின் இளைஞர்களும் அவரோடு அமர்ந்தனர். செலவை அரசு ஏற்றது. 2010 ஜூன் 16 அன்று, சணலின் ஏடு படிக்கப்பட்டதென நாடாளுமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. 2012இல், சணல் உட்பட 500க்கும் மேற்பட்ட செடிகளை அழுகச் செய்யும் பூஞ்சையையும் அதே குழுவினர் படித்தார்கள். மக்ஸூதுல் ஆலம் 2014இல் காலமானார்.

அந்தச் சணல் ஆய்வில் உழைத்தவர்களுள் ஹஸீனா கான் என்னும் டாக்கா பல்கலைக்கழகப் பேராசிரியையும் ஒருவர். 2018இல் வங்காளிகளின் உயிருக்குயிரான இலீஷ் மீனின் மரபணுத் தொகுதியைப் படித்த குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார். சணலுக்கும் இலீஷுக்கும் திருமறையில் அத்தியாயம் இருக்கிறதா என்று அவர்கள் தேடிக்கொண்டிருக்கவில்லை. உழவனுக்கும் மீனவனுக்கும் எது தேவை என்று பார்த்தார்கள்.

பேரீச்சையிலும் இத்தகைய பயன் உண்டு. கன்று ஆணா பெண்ணா என்றறிய அது பூக்கும் வரை ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆண் மரம் காய்க்காது. 2011இல் கத்தாரிலுள்ள வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் அதன் ஏட்டைப் படித்து, கன்றிலேயே பாலை அறியும் வழி கண்டார்கள். 2013இல் சவூதி, சீன அறிஞர்கள் சேர்ந்து அதை மேலும் விரிவாகப் படித்தார்கள். நோன்பு திறக்கும் பேரீச்சையின் சிறப்பைப் பேசும் நாவுகளில் இச்செய்தியை நாம் கேட்டதே இல்லை.

இன்னொரு சாரார் இருக்கிறார்கள். அவர்கள் இத்துறையின் பெயரைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வார்கள். 2005இல் சிம்பன்சிக் குரங்கின் ஏடு படிக்கப்பட்டு, ஒப்பிடத்தக்க எழுத்துகளில் நூற்றுக்கு ஒன்றேகால் அளவே மனிதனிலிருந்து வேறுபடுகிறது என்று தெரிந்ததிலிருந்து அந்த அச்சம். இதற்கு என்ன பொருள் கொள்வது என்பதில் உலமாக்களும் அறிஞர்களும் எதிரெதிரே அமர்ந்து வாதாடட்டும். ஆனால் படித்தபின் வாதாடட்டும். படிக்காமல் பெருமை பேசுகிறவரும் படிக்காமல் பயப்படுகிறவரும் நமக்கு ஒரே தட்டில்தான் நிற்கிறார்கள்.

இவ்வளவும் எங்கோ நடக்கும் ஆராய்ச்சி, நம் வீட்டுக்கு என்ன என்பவர்களுக்குச் சொல்கிறோம்: இது நம் வாசற்படி ஏறிவிட்டது. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் உறவுக்குள்ளேயே நடக்கிறது. இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. எல்லாச் சமூகத்தாரும் மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கிறார்கள். ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வு நிலையத்தாரும் வெளிநாட்டாரும் சேர்ந்து தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணந்து, சிலரது குறைபாட்டைப் பலருக்கும் பரப்பிக்கொண்ட குழுக்கள் அவற்றில் பல.

தலசீமியா என்னும் இரத்த நோயை எடுத்துக்கொள்வோம். தாயும் தந்தையும் குறைபாட்டைச் சுமப்பவர்கள். இருவரும் பார்வைக்கு நலமானவர்கள். ஆனால் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தை நோயோடு பிறக்க. அக்குழந்தைக்குச் சில வாரங்களுக்கொரு முறை, ஆயுள் முழுதும் இரத்தம் ஏற்ற வேண்டும். எளிய இரத்தச் சோதனை ஒன்று போதும், நிக்காஹுக்கு முன்பே அறிந்துகொள்ள. ஈரான் 1997இலேயே இதைக் கட்டாயமாக்கியது. சவூதி அரேபியா 2004இல் கட்டாயமாக்கியது. உறவில் மணப்பது மார்க்கத்தில் ஆகுமானது, கடமை அன்று. சோதித்துப் பார்ப்பதைத் தடுக்கும் சட்டமும் இல்லை. 16இன் அற்புதத்தைப் பல வண்ணங்களில் அச்சிட்டுத் திருமண வீட்டுப் பைகளில் போட்டுக் கொடுக்கிறார்களே, அதே பையில் இந்தச் சோதனையைப் பற்றி நான்கு வரி போட எந்த ஜமாஅத்தாவது முன்வந்திருக்கிறதா? நாம் அறிந்தவரை இல்லை. கேட்டால், "பெண்ணின் பெயர் கெட்டுவிடும்" என்கிறார்கள். இரத்தம் ஏற்ற மருத்துவமனை வாசலில் பிள்ளையோடு காத்திருக்கும் அந்தப் பெண்ணிடம் போய் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

சீட்டெழுதிய மகளே, உன் வினாவுக்கு விடை: பசுவுக்கு 60. 2009இல் அதன் ஏட்டைப் படித்து வெளியிட்டபோது, 25 நாடுகளைச் சேர்ந்த 300க்கும் மேற்பட்டோர் அதில் பங்கு கொண்டிருந்தார்கள். பூமியில் அறியப்பட்ட தாவரம், விலங்கு, பூஞ்சை எல்லாவற்றையும் இவ்வாறு படித்துவிடுவதென்று 2018இல் ஒரு பெருந்திட்டம் தொடங்கியிருக்கிறது. 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட இனங்கள் என்பது அவர்கள் கணக்கு. படிக்க வேண்டியவை இன்னும் எவ்வளவோ மீதி. உன் தந்தையார் இவ்விதழைப் படிப்பவராயின் அவரிடம் ஒன்று கேட்கிறோம்: பட்டப் படிப்பு முடிந்ததும் மேற்படிப்பு உள்ள கல்லூரி தொலைவில் இருக்கிறதென்று காரணம் காட்டி இவளை நிறுத்திவிடாதீர்கள். அன்றைய பந்தலில், தக்பீர் ஓய்ந்த பிறகு, தேனீயைப் பற்றி மெய்யாகவே யோசித்துக்கொண்டிருந்தவள் இவள் ஒருத்திதான்.