மரமும் வேணும், சோறும் வேணும்!



கணியூர் ராஜவாய்க்கால் பாயும் வயல்கள் அமராவதி பழைய ஆயக்கட்டைச் சேர்ந்தவை. நெல்லும் கரும்பும் விளைந்த பூமி. இன்றைக்கு எந்த வரப்பில் நின்று பார்த்தாலும் தென்னங்கன்றுதான் கண்ணில் படுகிறது. ஏன்? விடிந்தால் பனியன் கம்பெனி வேன் வந்து ஆட்களை ஏற்றிப் போய்விடுகிறது. நாற்று நட ஆள் இல்லை. கிருஷ்ணாபுரம் கூட்டுறவு சர்க்கரை ஆலை தடுமாறத் தொடங்கியதிலிருந்து கரும்பையும் நம்ப முடியவில்லை. "மரத்தை வெச்சுட்டா நிம்மதி"ன்னு நினைக்கிற விவசாயியை நாம் குறை சொல்ல மாட்டோம்.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். தென்னை காய்ப்புக்கு வர அஞ்சாறு வருஷம் ஆகும். ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் வைத்திருக்கிறவன் அதுவரைக்கும் எதைத் திங்கிறது? களை எடுத்து வாழும் பெண்களுக்கு வேலை எங்கே? ஊரெல்லாம் ஒரே மரமாக நின்றால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2016இல் பொள்ளாச்சியில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ தோப்புத் தோப்பாகப் பரவியது. வேறு வருமானம் இல்லாதவன்தான் அதிகம் அடிபட்டான்.

மரமா, வெள்ளாமையா என்று சண்டை வேண்டாம். ரெண்டும் சேர்ந்தே நிற்கட்டும். 25 அடிக்கு ஒன்று வைத்தால் ஏக்கருக்கு 70 தென்னை. முதல் ஏழு வருஷம் இடையில் வெயில் நன்றாக விழும். நிலக்கடலை, எள், உளுந்து, மரவள்ளி, மஞ்சள் போடலாம். அதற்குப் பிறகு 20 வருஷம் வரை நிழல் கூடும். தீவனப்புல், பசுந்தாள் உரப்பயிர் போடலாம். மரம் உயர்ந்த பிறகு மறுபடி வெளிச்சம் கிடைக்கும். வாழை, மஞ்சள் வரும். நெல்லும் கரும்பும் மட்டும் தோப்புக்குள் வேண்டாம்.

நெல் வயலை விட மனசில்லாதவர்கள் வரப்பில் நடலாம். கிளைரிசிடியா வைத்தால் தழை உரம். தேக்கு வைத்தால் பிள்ளைகளின் கல்யாணச் செலவுக்கு ஆகும். நிழலும் வேரும் விளைச்சலைக் குறைக்கும் என்பது உண்மைதான். அதற்குக் கிளையைக் கழிக்கணும், மரத்துக்கும் பயிருக்கும் நடுவே குழி எடுத்து வேரை அறுக்கணும்.

இது நமக்குப் புதுசு இல்லை. காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கொறங்காட்டைப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். மழை பொய்த்த வருஷத்திலும் ஆடு மாட்டைக் காப்பாற்றியது அதுதானே!

அரசு என்ன செய்தது? 2014இல் தேசிய வேளாண் காடு கொள்கை வந்தது. 2021-22இல் நீடித்த பசுமைப் போர்வை இயக்கம் என்று தமிழ்நாட்டில் இலவசக் கன்று கொடுத்தார்கள். 2025இல் மாநில வேளாண் பட்ஜெட் வேளாண் காடுகளுக்குத் தனிக் கொள்கை என்றது. அதே ஆண்டு மத்திய அரசு மரம் வெட்ட மாதிரி விதிகள் வெளியிட்டது. நல்லது. ஆனால் கன்று கொடுக்க அவங்க ஓடி வர்றாங்க. வெட்டப் போனா நாமதான் ஓடணும்! தேக்கு என்றால் 1968ஆம் வருஷத்து மரப் போக்குவரத்து விதி குறுக்கே நிற்கிறது. அனுமதிக்கு அலைய முடியாமல் வியாபாரி கேட்ட விலைக்கே விட்டுவிடுகிறான் சிறு விவசாயி.

எனவே நாம் கேட்கிறோம்:

1. பட்டா நிலத்தில் நட்ட மரத்தை நட்ட வருஷமே அடங்கலில் பதிவு செய்! பதிந்த மரத்தை வெட்டவும் ஏற்றவும் ஒரே அலுவலகத்தில், நாள் குறித்து அனுமதி கொடு!

2. மரத்துக்கு இடையில் போடும் உணவுப் பயிருக்கும் கூட்டுறவுக் கடன், காப்பீடு கொடு!

3. ஊடுபயிரான உளுந்தையும் கடலையையும் பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கட்டுப்படியாகும் விலைக்கு வாங்கு!

4. குத்தகை விவசாயி நட்டு வளர்த்த மரத்தில் அவருக்கும் பங்கு உண்டென்று சட்டம் கொண்டு வா!

தோழர்களே! கன்று வாங்கும் வரிசையில் நின்றது போதும். மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஊர் ஊராகத் திரண்டு வாருங்கள். ஆளுக்கு ஒரு மனு எழுதுங்கள். ஒருவர் கேட்டால் மனு. ஊரே கேட்டால் அது கோரிக்கை!