பேதி நிற்கவில்லை: மாத்திரையை மாற்றுவதா, பாலை நிறுத்துவதா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. ஓசூரில் கம்பெனி வேலை. கூட வேலை செய்பவர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். மூன்று வாரத்துக்கு முன் வாந்தி பேதியோடு ஊருக்கு வந்தான். இரண்டாம் நாளே எனக்கும், ஒன்றரை வயதுப் பேத்திக்கும் அதே தொல்லை. எங்களுக்கு மூன்று நாளில் சரியாகிவிட்டது. அவனுக்கு வாந்தி நின்றும், இன்றுவரை தினம் நான்கைந்து முறை தண்ணீராகப் போகிறது. காபி குடித்தால் வயிறு உப்பி இரைகிறது. மெடிக்கலில் மூன்று முறை மாத்திரை மாற்றி வாங்கிவிட்டோம். திடமாக இருந்த பையனுக்கு ஏன் இப்படி?
– வாசகர் ஒருவர், மத்தூர்

பதில்: திடீரென வாந்தி, அடுத்தடுத்து வீட்டில் எல்லோருக்கும் பேதி, மூன்று நாளில் குணம் என்றால் அது பெரும்பாலும் வைரஸ் தொற்றுதான். நோரோ வைரஸ் என்பது இப்படித்தான் பரவும். பலர் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தும் இடங்களில் வேகமாகத் தொற்றும். உடல் திடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வைரஸ் போன பிறகும் பேதி ஏன் நீடிக்கிறது? சிறுகுடலின் உள்பக்கம் பயிர் நட்ட வயல் போல நுண்ணிய முளைகள் இருக்கும். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி அவற்றின் நுனியில் சுரக்கிறது. வைரஸ் அந்த நுனியைக் கெடுத்துவிடுகிறது. புழு கொழுந்தைத் தின்றாலும் வேர் இருந்தால் மறுபடி துளிர்க்கிறதல்லவா? குடலும் அப்படியே தேறும். ஆனால் சிலருக்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பால் செரிக்காமல் வயிறு உப்பும், பேதியாகும். உங்கள் மகனுக்குக் காபி குடித்ததும் வருவது இதுவாக இருக்கலாம்.

இரண்டு வாரம் பால், பால் சேர்த்த டீ, காபி, பால் இனிப்புகளை நிறுத்திப் பாருங்கள். சோறு, இட்லி, பருப்பு, வாழைப்பழம் சாப்பிடலாம். மோர் பலருக்கு ஒத்துக்கொள்ளும். ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸைக் கொல்லாது. அதுவே பேதியை உண்டாக்குவதும் உண்டு. கடையில் கேட்டு வாங்குவதை இத்தோடு நிறுத்துங்கள்.

ஆனால் ஒன்று: 14 நாளைத் தாண்டிய பேதியை வைரஸ் என்று நாமே முடிவு செய்யக்கூடாது. அமீபா, ஜியார்டியா போன்ற கிருமிகளும் காரணமாக இருக்கலாம். அவற்றுக்குத் தனி மருந்து உண்டு. எனவே இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, மலம், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, சிறுநீர் குறைவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

பேத்திக்கு மறுபடி பேதி வந்தால் மகனுக்குச் சொன்ன பால் நிறுத்தம் அவளுக்குப் பொருந்தாது. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் குறிப்பிட்ட அளவு தண்ணீரில் முழுதாகக் கரைத்து, ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி. வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். துத்தநாக மாத்திரை தினம் 20 மி.கி. வீதம் 14 நாள் கொடுக்க வேண்டும். பேதி நின்றாலும் பாதியில் விடக்கூடாது. பேதியைக் கட்டும் மாத்திரை குழந்தைக்கு வேண்டாம்.

குழந்தைகளைக் கடுமையாகத் தாக்குவது ரோட்டா வைரஸ். அதற்கு 6, 10, 14 வாரங்களில் தரும் தடுப்பு மருந்து 2016 முதல் அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் உருவான ரோட்டாவேக் மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்த 3 இடங்களில் நம் பக்கத்து வேலூரும் ஒன்று. வீட்டில் அடுத்த குழந்தை பிறந்தால் தவறவிடாதீர்கள்.

பேதி நின்ற பிறகும் சில நாட்கள் மலத்தில் வைரஸ் வெளியேறும். ஆகவே மகன் குணமாகி இரண்டு நாள் ஆகும்வரை சமையலில் கைவைக்க வேண்டாம். கழிப்பறை போய் வந்ததும், சாப்பிடும் முன்பும், பால் கறக்கும் முன்பும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கையில் தடவும் சானிடைசர் இந்த வைரஸுக்குப் போதாது. குடிநீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள்.